பிரேக்கக்காவின் மழைக்கால அத்தர்

பிரேக்கக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவளுடைய லைசென்ஸில் மட்டும் இருக்கிறது. தெருவுக்கு அவள் பிரேக்கக்காதான். டிரைவிங் ஸ்கூல் கார்களில் கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் வைத்திருப்பார்கள் அல்லவா, அதன் மேல் அவள் வலது கால் வருஷக்கணக்காகக் குடியிருக்கிறது. வீட்டில் சோபாவில் சாய்ந்து டிவி பார்க்கும்போது எவனாவது காரைக் கண்மண் தெரியாமல் ஓட்டினால், கால் தன்னால் தரையை அழுத்தும். தரை நிற்கிறது, கார் நிற்பதில்லை.

அவள் இந்த வேலைக்கு வந்ததே ஒரு கூத்து. கல்யாணமான புதிதில் அவளே இந்த டிரைவிங் ஸ்கூலில் கார் கற்றுக்கொள்ளச் சேர்ந்தவள். அப்போதிருந்த மாஸ்டர், மதியச் சாப்பாட்டுக்குப் பின் வண்டியில் ஏறினால் முதல் திருப்பத்திலேயே குறட்டை விட ஆரம்பித்துவிடுவார். ஒரு நாள் அவரை எழுப்ப மனம் வராமல், சந்தை ரோடு, பாலம், மேடு எல்லாம் அவளே சுற்றி, ஸ்கூல் வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கையும் போட்டு, "சார், இடம் வந்துருச்சு" என்றாள். வாசலில் நின்ற முதலாளி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரு யாருக்குக் கத்துக்கொடுக்கறீங்க?"

கொஞ்ச நாளில் மாஸ்டர் தூக்கத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளப் போய்விட்டார். அவளுக்கு மாஸ்டர் போடும் நீலக் கோட்டு கிடைத்தது.

வேலையில் அவளுக்கு எந்தக் குறையும் இல்லை, ஒன்றைத் தவிர. பயத்துக்கு ஒரு நாற்றம் உண்டு. முதல் நாள் ஸ்டியரிங் பிடிப்பவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், எதிரே லாரி வந்தால் வேர்ப்பார். அந்த வேர்வை வேறு ஜாதி. வெயில் காலத்தில் ஜன்னலைத் திறந்துவிடலாம். மழை ஆரம்பித்தால் முடியாது. நான்கு கண்ணாடியும் மூடி, ஈரக் குடை காலடியில் கிடக்க, கிளட்ச் தேயும் வாடையும் பழைய சீட் பஞ்சின் வாடையும் சேர்ந்துகொண்டால், காருக்குள் நனைந்த கம்பளியை யாரோ வறுப்பது போலிருக்கும்.

அந்த வருஷம் மழை கொஞ்சம் முன்னாடியே வந்தது. அவளிடம் படித்துக்கொண்டிருந்த நர்ஸ் ஒரு காலையில் கதவைத் திறந்தவள், ஏறாமல் நின்றாள். ஆஸ்பத்திரியில் பார்க்காத நாற்றமா என்று கேட்கக்கூடியவள்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. உள்ள யாராவது செத்துகித்துக் கிடக்காங்களா?"

அன்று சாயங்காலம்தான் பிரேக்கக்கா ஸ்கூலுக்கு எதிர்வரிசையில் இருந்த அத்தர்க் கடைக்குள் முதன்முதலாகக் காலை வைத்தாள். கண்ணாடிக் கதவில் தாள் ஒட்டியிருந்தார்கள்: 'மழைக்கால அத்தர்கள் வந்துவிட்டன. உள்ளே வந்து முகர்ந்து பாருங்கள்.' இத்தனை வருஷமாக அந்தக் கடை முன்னால்தான் பார்க்கிங் சொல்லிக்கொடுக்கிறாள். பருவத்துக்குப் பருவம் தாள் மாறுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறாளே தவிர, உள்ளே போனதில்லை.

அத்தர்க்காரர் மெலிந்த மனிதர். குப்பிக்குள் இருப்பது விழித்துக்கொள்ளுமோ என்பது போல மெதுவாகப் பேசுவார். ஒரு கண்ணாடிக் குச்சியைத் தோய்த்து, அவள் இடது மணிக்கட்டில் லேசாகத் தொட்டார்.

"இது மண்வாசனை. காஞ்ச தரையில முதல் தூறல் விழுந்தா வருமே, அது."

வலது மணிக்கட்டில் ஏலக்காய். இடது முழங்கை மடிப்பில் சாம்பிராணி. வலது முழங்கை மடிப்பில் எலுமிச்சை இலை. அதற்குப் பிறகு இடம் போதவில்லை. புறங்கையில் ஈர மரம், கொஞ்சம் மேலே கஸ்தூரி. அவள் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தாள். முதல் மூன்று வரை தெளிவாக இருந்தது. பிறகு மூக்கு, ஊருக்குப் புதிதாக வந்தவன் நாற்சந்தியில் நிற்பது போலத் திகைத்து நின்றுவிட்டது.

"உங்க கோட்டுக் கையை ஒரு தடவை மோந்து பாருங்க. சொந்த வாசனை தெரிஞ்சா மூக்கு தெளிஞ்சிரும்" என்றார் அவர்.

கோட்டுக் கையை முகர்ந்தாள். கிளட்ச் வாடை அடித்தது. மூக்கு தெளிந்தது. மனம்தான் தெளியவில்லை.

"எல்லாமே நல்லா இருக்கே. எத எடுக்கறது?"

"அவசரப்படாதீங்கம்மா. அத்தர் கட்டிக்கப் போற மாப்பிள்ளை மாதிரி. கடையில பாத்தா எல்லாம் நல்லாத்தான் இருக்கும். வீட்டுக்குக் கொண்டுபோய், வேர்த்து, நனைஞ்சு, சாயங்காலம் என்ன மிச்சம் இருக்குன்னு பாக்கணும். மூணு மட்டும் சொல்லுங்க. சின்னக் குப்பியில ஊத்தித் தர்றேன். உடம்புல போட்டு ஓட்டிப் பாருங்க. அப்புறம் வாங்கிக்கலாம்."

ஓட்டிப் பார்ப்பது என்றதும் அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. கழித்துக் கட்ட ஆரம்பித்தாள். எலுமிச்சை இலை, பாத்திரம் கழுவுகிற ஞாபகத்தைக் கொடுத்தது. ஆறு மணிக்கு மேல் வீட்டில் செய்கிற வேலையைப் பகலிலேயே எதற்கு நினைக்க வேண்டும்? ஈர மரம் வேண்டாம், மழை பெய்தால் வீட்டு அலமாரியே அப்படித்தான் இருக்கிறது. கஸ்தூரி அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் இந்த வாசனையை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்து யோசித்து, அது முதலாளி மேல் அடிக்கிற வாசனை என்று கண்டுபிடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டாள். முதலாளியைக் கூடவே கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக முடியுமா? மண்வாசனை, ஏலக்காய், சாம்பிராணி மூன்றும் தேறின. ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது என்று இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தபடி, சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டில் அவளுக்கு நம்பகமான ஒரு மூக்கு இருந்தது. அவள் புருஷன் வண்டிகளுக்குப் பெயின்ட் அடிப்பவன். டிங்கரிங் ஷெட்டில் நசுங்கின கதவைத் தட்டி நேராக்கி, பட்டி பார்த்து, மேலே ஸ்பிரே அடித்தான் என்றால் எங்கே இடித்தது என்று இடித்தவனுக்கே தெரியாது. அதைவிட அவளுக்குப் பெருமை அவனுடைய ரசனையில். கல்யாணமான நாளிலிருந்து அவன் ஒருநாளும் அவள் சமையலை மணக்கிறது என்று சொல்லாமல் உட்கார்ந்ததில்லை. 'வாசல்ல வரும்போதே வாசனை தூக்குது' என்பான். மற்ற பெண்கள் தங்கள் புருஷன்மார் வாய் திறப்பதில்லை என்று அலுத்துக்கொள்ளும்போது, இவள் மட்டும் பேசாமல் இருப்பாள். அந்தப் பேசாமையில் ஒரு பவிசு இருக்கும்.

"என்னங்க, இதப் பாத்துச் சொல்லுங்க." இடது கையை நீட்டினாள்.

கண்ணை மூடி, ஆழமாக இழுத்தான். "ஆஹா."

"இது?"

"ஆஹா."

"இந்த முழங்கை?"

"அடடா!"

"மூணுல எதுங்க?"

"நீ எதப் போட்டாலும் உனக்கு எடுப்பாத்தான் இருக்கும்."

கேட்க இனிப்பாக இருந்தது. ஆனால் உபயோகம் இல்லை. எனவே கீழ் வீட்டில் இருந்த நாத்தனாரிடம் போனாள். புருஷனுக்கு மூத்தவள். நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் பல் கொட்டிவிடும் என்று யாரோ சின்ன வயதில் பயமுறுத்தியிருக்க வேண்டும்.

"அண்ணி, எது நல்லா இருக்கு?"

நாத்தனார் வரிசையாக முகர்ந்தாள். "முதல்ல உள்ளது சேறு. ரெண்டாவது பேக்கரி. மூணாவது இழவு வீடு. உனக்குக் கஞ்சி போட்ட கோட்டு வாசமே போதும்."

ஆக, ஒரு நீதிபதி எல்லோரையும் விடுதலை செய்தார், இன்னொருவர் எல்லோரையும் தூக்கில் போட்டார். வேலையில் போட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

முதலில் மண்வாசனை. மறுநாள் மழை விட்டு வெயில் அடித்தது. நர்ஸ் வண்டியை எடுத்தாள். சந்தை ரோடு திரும்பியதும் வைப்பர் ஓட ஆரம்பித்தது. காய்ந்த கண்ணாடியில் அது கிறீச் கிறீச்சென்று அழுதது.

"எதுக்கும்மா வைப்பர்?"

"மழை மேடம்."

"எங்க?"

நர்ஸ் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். வானம் துடைத்து வைத்தது மாதிரி இருந்தது. "வாசனை வந்துச்சே" என்று அணைத்தாள். பாலம் ஏறும்போது மறுபடியும் கிறீச். அணைத்தாள். மேட்டில் மறுபடியும். கடைசியில் அவளால் தாங்க முடியவில்லை. "மேடம், மாடியில துணி காயுது. எல்லாம் யூனிஃபார்ம். எனக்கு இருப்பே கொள்ளல. அஞ்சு நிமிஷம் வீட்டுக்குப் போயிட்டு வந்துரலாமா?" என்று கேட்டவள், பதிலுக்குக் காத்திராமல் திருப்பினாள். அதுவரை ஒரு கியர் ஒழுங்காக விழாத கை, அன்று வீடு போய்ச் சேரும்வரை வெண்ணெயில் கத்தி இறங்குவது போல மாற்றியது. பிரேக்கக்காவின் காலுக்கு வேலையே இல்லை. துணி மொறுமொறுவென்று காய்ந்திருந்தது.

அடுத்த நாள் சாம்பிராணி. அன்றைக்கு மாப்பிள்ளையின் முறை. அந்தப் பையனுக்கு அடுத்த மாதம் கல்யாணம், அதற்குள் லைசென்ஸ் வேண்டும் என்று தலைகீழாக நின்றுகொண்டிருந்தான். வழக்கமாக ஹார்னில் கை வைத்தால் எடுக்க மாட்டான். அன்று ஏறியதுமே குரல் இறங்கிவிட்டது. எதிரே வந்த ஆட்டோவுக்கு வழிவிட்டான். பின்னால் திட்டியவனைப் பார்த்துப் புன்னகைத்தான். வீதி பாதி தாண்டியதும் பெருமூச்சு விட்டான்.

"மேடம், ஒரு உண்மைய சொல்லட்டுமா?"

"ரோட்டப் பாத்துக்கிட்டே சொல்லுங்க தம்பி."

"பொண்ணு வீட்ல எனக்குப் பத்து வருஷமா கார் ஓட்டத் தெரியும்னு சொல்லிட்டேன்."

"சரி, பரவால்ல. செகண்ட் கியர்."

"வேலையில கூட இன்னும் நிரந்தரம் ஆகல. ஆயிருச்சுன்னு சொல்லியிருக்கேன்."

"தம்பி, கியர்."

"இப்பத்தான் மேடம் மனசு லேசா இருக்கு" என்று சொல்லி அவன் நிம்மதியாகக் கண்ணை மூடினான்.

அவள் கால் போய் அழுத்திய அழுத்தில் கார் குலுங்கி நின்றது. முன்னால் ஒரு பழ வண்டி. இடையில் ஒரு கை நுழையும் இடம்கூட இல்லை. பழக்காரர் அசரவில்லை. ஜன்னல் பக்கம் குனிந்து, "என்ன பழம் பாக்கறீங்க?" என்றார். வேண்டாம் என்று சொல்ல இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. ஆளுக்கு ஒரு பை நிறையச் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

மூன்றாவது நாள் ஏலக்காய். வண்டியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். டெஸ்டில் பலமுறை தவறியவர், ஆனால் தவறியது தாம் அல்ல, இன்ஸ்பெக்டர்தான் என்பது அவர் கருத்து. அவருக்குச் சர்க்கரை உண்டு. அதனால் வீட்டில் இனிப்பு என்ற சொல்லையே யாரும் உச்சரிப்பதில்லை. காருக்குள் ஏறி உட்கார்ந்தவர் மூக்கை இரண்டு தரம் சுருக்கினார். முதல் பேக்கரி வந்ததும் இன்டிகேட்டர் போட்டார்.

"சார், நேரா போகணும்."

"தெரியும். வண்டி ஒரு பக்கமா இழுக்குது. அலைன்மென்ட் பாருங்க."

இரண்டாவது பேக்கரியிலும் வண்டி அதே மாதிரி இழுத்தது. மூன்றாவதில் அவரே நேர்த்தியாக ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, "பார்க்கிங் பழகணும் இல்லையா? நீங்க உக்காருங்க, நான் டயரப் பாத்துட்டு வர்றேன்" என்று இறங்கினார். டயரைப் பார்க்கப் போனவர் மீசையில் க்ரீமோடு திரும்பி வந்தார். பிரேக்கக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பெரிய மனிதரை எப்படிக் கேட்பது?

அன்றைய பாடம் ரிவர்ஸ். மைதானத்தில் கம்பு நட்டுப் பின்பக்கமாகவே வளைந்து வளைந்து வர வேண்டும். கழுத்தைத் திருப்பிப் பார்த்தபடி தலைமையாசிரியர் மூன்று சுற்று வந்தார். நான்காவது சுற்றில் முகம் வெளிறியது. "நிறுத்துங்க" என்று அவர் சொல்வதற்கும், அவள் நிறுத்துவதற்கும் நடுவில் க்ரீம் பன் எல்லாம் கால் மிதியில் வந்து விழுந்தது.

மாணவரை ஆட்டோ ஏற்றி அனுப்பிவிட்டு, அவள் கால்மிதிகளை எடுத்துக் குழாயடியில் போட்டு, அரை பாட்டில் ஃபினாயில் ஊற்றித் தேய்த்தாள். வண்டி உள்ளேயும் தேய்த்தாள். தேய்த்த கையோடு, குளிக்க வேண்டும் என்ற ஒரே நினைப்பில் வீட்டுக்குப் போனாள். புருஷன் அன்று சீக்கிரம் வந்திருந்தான். மூன்று நாள் பழக்கம், அவள் கேட்பதற்கு முன்பே அவள் கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி இழுத்தான்.

"இதுதான்! இதையே வாங்கிரு. பூ மாதிரி இருக்கு."

பிரேக்கக்கா மற்றக் கையை முகர்ந்து பார்த்தாள்.

"என்ன பூங்க?"

"அது... மல்லிகை கலந்தாப்ல இல்ல?"

"ஃபினாயில்ங்க இது."

அவன் அவள் கையை விடவில்லை. விட்டால் என்ன ஆகும் என்று பயந்தவன் போலப் பிடித்துக்கொண்டே நின்றான். அவள் முகத்தைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், பிறகு நாற்காலியில் உட்கார்ந்தான்.

"எனக்கு வாசனை தெரியாது."

"சளியா?"

"இல்ல. ரொம்ப வருஷமாவே. ஷெட்ல சேந்த புதுசுல முகமூடி எல்லாம் எங்க போட்டோம்? பெயின்ட்டும் தின்னரும் மூக்கத் தின்னுருச்சு. உன்னைக் கல்யாணம் பண்றதுக்கு முந்தியே போச்சு."

"அப்ப என் சமையல்?"

"உப்பு, காரம், புளிப்பு எல்லாம் தெரியும். அதெல்லாம் சரியாத்தான் இருக்கும்."

"வாசல்ல வரும்போதே வாசனை தூக்குதுன்னு சொல்வீங்களே!"

"குக்கர் விசில் சத்தம் கேக்குமே."

அவளுக்கு அழுகை வந்ததா, சிரிப்பு வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. பால் பொங்கித் தீய்ந்தபோதெல்லாம் அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்தவன் இவன். ஆம்பளைகளே அப்படித்தான் என்று அவள் விட்டிருந்தாள்.

"ஏன் சொல்லல?"

"மொத நாள் நீ ஏதோ பூ வெச்சுக்கிட்டு வந்து, வாசனை எப்படி இருக்குன்னு கேட்ட. மரியாதைக்கு நல்லா இருக்குன்னு சொன்னேன். மறுநாள் சோப்பு. அதுக்கு அடுத்த நாள் குழம்பு. அப்புறம் எங்க நிறுத்தறதுன்னே தெரியல."

"பிரேக் எதுக்குங்க இருக்கு?" என்றாள் அவள்.

கோபத்தோடு படியிறங்கி நாத்தனாரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். நாத்தனார் கீரை ஆய்ந்துகொண்டிருந்த கையை நிறுத்தவில்லை.

"அவனுக்கு மூக்கு வேலை செய்யாதுன்னு உனக்குத் தெரியாதா? எங்க குடும்பத்துல எல்லாருக்கும் தெரியுமே."

"ஏன் அண்ணி, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"அவன் உன் சமையலப் புகழ்றான், நீ பூரிச்சுப் போற. நடுவுல நான் வந்து எதுக்குக் கெடுக்கணும்?" என்ற நாத்தனார், கீரைக் காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு, "அதுவும் போக, உன் சமையல் அப்படி ஒண்ணும் மோசம் இல்ல" என்றாள். பல் எதுவும் கொட்டவில்லை. ஆனால் பிரேக்கக்கா இருந்த இருப்பில் அந்தச் சரித்திரப் புகழ்ச்சி காதில் ஏறவே இல்லை.

ஒரு வாரம் அவள் சமைத்தாள், அவன் சாப்பிட்டான். மணக்கிறது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை, உப்பு சரியாக இருக்கிறது என்று மட்டும் ஒரு நாள் சொன்னான். அந்த உண்மை அவளுக்கு உறைப்பாக இருந்தது. வேலைக்கு எந்த அத்தரும் போடாமல் போனாள். காருக்குள் கம்பளி மறுபடியும் வறுபட ஆரம்பித்தது.

சனிக்கிழமை மத்தியானம் ஷெட்டுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, அவன் அத்தர்க் கடைக்குப் போனான். கையில் பெயின்ட் கம்பெனிக்காரன் கொடுத்த ஷேடு கார்டு. மடித்து மடித்து, விரித்தால் மேஜை நிறைகிற அளவு நிறங்கள்.

"என் சம்சாரத்துக்கு ஒரு அத்தர் வேணும். ஆனா எனக்கு வாசனை தெரியாதுங்க. நீங்க சொல்லுங்க, நான் புரிஞ்சுக்கறேன்."

அத்தர்க்காரர் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து இப்படி ஒரு வாடிக்கையாளரைப் பார்த்ததில்லை. "வாசனைய எப்படிங்க வாயால சொல்றது?"

அவன் கார்டை விரித்தான். "இதுல கை வெச்சுக் காட்டுங்க."

அத்தர்க்காரர் மண்வாசனைக் குப்பியைத் திறந்து முகர்ந்தார். விரல் கார்டின் மேல் சுற்றிச் சுற்றி வந்து ஒரு பழுப்பில் நின்றது. "இது. இல்லல்ல, இது காஞ்ச மண்ணு. நனைஞ்சா..."

"நனைஞ்சா ரெண்டு ஷேடு கூடும். மேல கிளியர் கோட் அடிச்ச மாதிரி."

"அதேதான்!" என்று கத்திவிட்டார் அத்தர்க்காரர். வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக அவர் பேசியிருக்க மாட்டார். "கிளியர் கோட்! அதைத்தான் இத்தனை நாளா எனக்குச் சொல்லத் தெரியல."

அதன் பிறகு இருவருக்கும் நேரம் போனதே தெரியவில்லை. ஏலக்காய் பளபளப்பு, சாம்பிராணி மினுங்காத மேட் என்று முடிவானது. எத்தனை கோட் என்று கேட்டான் பெயின்ட்டர். மூன்று என்றார் அவர். முதல் கோட் கடை வாசல் தாண்டுவதற்குள் போய்விடும், நடுக் கோட் மத்தியானம் வரை நிற்கும், அடியில் இருப்பது ராத்திரி துணி மாற்றும்போதுகூட இருக்கும். "அது பிரைமர்" என்றான் இவன். கஸ்தூரி வெள்ளியா, சாம்பலா என்று கொஞ்சம் சண்டைகூட வந்தது. கடைசியில் பெயின்ட்டருக்குப் பிடித்துப்போனது ஓர் அடர்ந்த பச்சை. மழையில் நனைந்து நிற்கும் பழைய ஜீப்பின் நிறம். அந்த நிறத்துக்கு அவன் எப்போதுமே அடிமை.

"இந்தக் கலர்ல என்ன இருக்கு?"

அத்தர்க்காரர் தயங்கி, பின்வரிசையிலிருந்து ஒரு குப்பியை எடுத்தார். "மூலிகை வகை. கொஞ்சம் கனம். எல்லாரும் கேக்க மாட்டாங்க."

"கலர் அருமைங்க. இதையே கொடுங்க."

சாயங்காலம் அவள் வந்து கோட்டைக் கழற்றியதும், மேஜை மேல் குப்பியை வைத்தான். பக்கத்திலேயே ஷேடு கார்டையும் விரித்து, அந்தப் பச்சையில் விரலை வைத்தான்.

"இது உனக்கு. எனக்குத் தெரிஞ்ச வழியில தேடினேன்."

அவள் கார்டைப் பார்த்தாள். அத்தனை நிறத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க எவ்வளவு நேரம் நின்றிருப்பான் என்று நினைத்தபோதே பாதிக் கோபம் போய்விட்டது. மூடியைத் திறந்து முகர்ந்தாள். பச்சிலையை அரைத்து, சைக்கிள் டியூபுக்குள் ஊற்றி, மழைக்காலம் முழுவதும் மூடி வைத்துத் திறந்தால் எப்படி இருக்கும்? கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எப்படி இருக்கு?" என்றான் அவன்.

"நல்லா இருக்குங்க" என்று அவள் வாய் சொல்லிவிட்டது.

சொன்ன மறுகணமே இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இதே மாதிரித்தானே அவனும் ஆரம்பித்திருப்பான்! நாளைக்கும் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும், நாளன்றைக்கும் போட வேண்டும், குப்பி தீர்ந்தால் ஆசையாக இன்னொன்று வாங்கி வருவான்.

"இப்பவே சொல்லிடறேங்க. கண்றாவியா இருக்கு."

"உன் மூஞ்சியப் பாத்தப்பவே தெரியும்" என்றான். "வாசனை தெரியாதவன் பொண்டாட்டி மூஞ்சியப் பாத்துத்தானே இத்தனை வருஷம் ஓட்டியிருக்கேன். குழம்பு நல்லா வந்துச்சுன்னா உன் வலது புருவம் தூக்கும்."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அவனும் சேர்ந்துகொண்டான். மூடாமல் வைத்த குப்பி அதுபாட்டுக்குத் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் மாடிப்படியில் தடதடவென்று சத்தம். நாத்தனார் மூக்கைப் பொத்தியபடி உள்ளே வந்தாள்.

"கேஸ் லீக் ஆகுது, ரெண்டு பேரும் பல்லக் காட்டிக்கிட்டு நிக்கறீங்க! ஏன்டா, அவனுக்குத்தான் தெரியாது, உனக்குமா தெரியல?" என்று பதற்றத்தில் யாரை எப்படித் திட்டுவது என்று குழம்பி, ஓடிப் போய் ஜன்னல்களைத் திறந்தாள்.

வேலைக்கு எது என்ற கேள்வி திங்கட்கிழமை முடிவுக்கு வந்தது. யார் மூக்கையும் கேட்காமல், அவளே யோசித்தாள். ஏலக்காய் போட்டால் தலைமையாசிரியரின் உடம்புக்கு ஆபத்து. சாம்பிராணி போட்டால் ரோட்டில் போகிறவர்களுக்கு ஆபத்து. மண்வாசனை போட்டால் அதிகபட்சம் வைப்பர் தேயும். தவிரவும், வறுத்த கம்பளிக்கு நடுவே மணிக்கட்டைத் தூக்கி முகர்ந்தால் அவளுக்கே ஒரு தூறலில் நின்ற மாதிரி இருந்தது. அதைப் பெரிய குப்பியாகவே வாங்கிவிட்டாள்.

நர்ஸ் டெஸ்டுக்குப் போன அன்று சுள்ளென்று வெயில். பின்சீட்டில் பிரேக்கக்கா, முன்னால் இன்ஸ்பெக்டர். மேட்டில் வண்டியை நிறுத்தி எடுக்கும் இடத்தில் வைப்பர் கிறீச்சென்றது.

"இது எதுக்கு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வேலை செய்யுதான்னு பாத்தேன் சார்" என்றாள் நர்ஸ், ஊசி போடும்போது வலிக்காது என்று சொல்கிற அதே குரலில்.

"இப்படித்தான் இருக்கணும்" என்று இன்ஸ்பெக்டர் பாஸ் போட்டார். அதே நாளில் தலைமையாசிரியர் மறுபடியும் தவறினார். இந்தத் தடவை தவறு ரோட்டின் மேல். மாப்பிள்ளை, பெண் வீட்டில் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. கல்யாணம் நடந்தது, லைசென்ஸ் பிறகு வந்தது.

பச்சைக் குப்பியைப் பெயின்ட்டர் ஷெட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். அங்கே தின்னர் வாடையில் அதன் பாச்சா பலிக்கவில்லை. இன்னொரு ஷேடு கார்டு வாங்கி அத்தர்க்காரருக்குக் கொடுத்தான். அவர் அதைக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டிவைத்து, வருகிறவர்களிடமெல்லாம் எத்தனை கோட் வேண்டும் என்று கேட்கிறார்.

மழை ஓய்ந்து, கண்ணாடிக் கதவில் வெயில் காலத் தாள் ஒட்டிய அன்று, புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே உள்ளே போனார்கள். அவள் முகர்ந்தாள், அவன் அவள் புருவத்தைப் பார்த்தான்.

"இது வேண்டாம்" என்றான் முதல் குப்பிக்கு.

"நான் இன்னும் வாயே தொறக்கலையே!"

"புருவம் அசையல. அடுத்ததப் பாரு."